விதிவிலக்கு அண்ணனின் டிரெய்லர்

சட்டத்தை மதிப்பவர்களை உங்களுக்குத் தெரியும், மீறுபவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. இவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறியதே இல்லை. எப்படி மீறுவார்கள்? எந்தச் சட்டமும்தான் இவர்களுக்குப் பொருந்தாதே. ‘வண்டி நிறுத்தாதீர்’ பலகைக்கு நேர் கீழே காரை விட்டுவிட்டு, “அது நிறுத்துறவங்களுக்குங்க, நான் சும்மா இறங்கி ஏறப் போறேன்” என்பார்கள். வரிசையா? அது முன்னாடியே வந்து நிற்பவர்களுக்கு.

நம் ஆள் ஒரு மருந்துக் கடைக்காரர். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண் என்பதால், எந்த விதிமுறைப் புத்தகத்தைக் கொடுத்தாலும் நடுவிலிருக்கும் ஆயிரம் வரிகளைத் தாண்டி, கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஒளிந்திருக்கும் சலுகையில் போய் உட்கார்ந்துவிடுவார். கோ-கார்ட் சங்கத்தில் அவருக்கு ‘விதிவிலக்கு அண்ணன்’ என்று பெயர். கோ-கார்ட் என்றால் தரையோடு தரையாக ஓடுமே, அந்தக் குட்டிப் பந்தய வண்டி. ஓட்டுவது அவருடைய மகள். வண்டி, உதிரி டயர்கள், கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி நாலு, இத்தனையையும் ஒரு டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போவது அண்ணன்.

டிரெய்லருக்கென்று ஒரு விதி உண்டு. பொழுதுபோக்குக்காக இழுத்தால் சாதாரண கார் லைசென்ஸ் போதும். பரிசுப் பணம் வாங்கினாலோ, ஏதாவது கடையின் விளம்பரத்தைச் சுமந்தாலோ அது தொழில். கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அண்ணனுடைய டிரெய்லரின் பக்கவாட்டில், இலவசமாக டயர் கொடுத்த கடையின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அதற்கென்ன? மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டார். கண்ணுக்கே தெரியாதது எப்படி விளம்பரமாகும் என்று சங்கக் கூட்டத்தில் அவர் கேட்டபோது, பதினான்கு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அவரே பாடம் எடுத்தார்: பொழுதுபோக்கு, அவ்வளவுதான், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணனின் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தினமும் நாற்பது குழந்தைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்குகிறவர். ஆனால் டிரெய்லர் மாட்டிவிட்டால் அவருக்குப் பக்கத்து இருக்கைதான். பஸ் வேறு, டிரெய்லர் வேறு என்பது அண்ணனின் கட்சி.

அன்று மாநிலப் போட்டியின் இறுதிப் பந்தயம். அந்தப் போட்டியில் மூன்று வருடமாக அரையிறுதியோடு திரும்பிக்கொண்டிருந்த பெண், முதல் முறையாகக் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். பத்து மணிக்குப் பதிவு மேசையை மூடிவிடுவார்கள். ஒன்பதே காலுக்குச் சாவடியில் ஓர் அதிகாரி கையைக் காட்டினார். அண்ணன் கண்ணாடியை இறக்கினார். பொழுதுபோக்கு என்றார். வாயை மூடிக்கொண்டார். பாடம் பிசகவில்லை.

“சரி, போங்க சார்,” என்றார் அதிகாரி, பின்சீட்டிலிருந்த மகளை எட்டிப் பார்த்து. “பரிசு வாங்குற பெரிய ஆளுங்களுக்குத்தான் இந்த லைசென்ஸ் தொல்லையெல்லாம். உங்க பொண்ணு சும்மா ஓட்டிப் பாக்குறவதானே.”

அண்ணன் கியரைப் போட்டார். ஆனால் கிளட்சிலிருந்து கால் எழும்பவில்லை. அவருடைய காது சிவப்பதைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏங்க, கிளம்புங்க என்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தார். கிள்ளினால் நிற்கிற விஷயமா அது? சும்மாவாம், ஓட்டிப் பார்க்கிறாளாம்!

“ஒரு நிமிஷம் சார்,” என்று அண்ணன் இறங்கியே விட்டார். “சும்மா ஓட்டுறவ இல்ல. ஊர்ப் பந்தயங்கள்ல நாலு கப் ஜெயிச்சிருக்கா. ரெண்டுக்குப் பணமும் குடுத்தாங்க.”

அதோடு விட்டாரா? கைபேசியில் கோப்பைகளின் படத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கண்டவர்களுக்கெல்லாம் யாரும் ஓசியில் டயர் கொடுப்பதில்லை என்று சொல்லி, தன் கையாலேயே தார்ப்பாயை அவிழ்த்துக் கடையின் பெயரையும் காட்டினார். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பின்சீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த பெண்ணுக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அண்ணன் விடுவாரா? அப்பன் பீற்றிக்கொள்வது சாட்சியமாகாது என்றார். தார்ப்பாயைக் காற்றாடத்தான் அவிழ்த்தேன் என்றார். எதுவும் எடுபடவில்லை. கனரக லைசென்ஸ் உள்ளவர் யாராவது வந்தால் டிரெய்லர் நகரும், இல்லாவிட்டால் இங்கேயே நிற்கும் என்று அதிகாரி முடித்துவிட்டார்.

“மணி என்னப்பா?” என்று மெல்லக் கேட்டாள் மகள்.

அந்த ஒரு கேள்வியில் மனுஷன் உடைந்துபோனார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வாய்க்கு எந்தச் சலுகையும் வரவில்லை. தப்பு என்மேலதாம்மா என்றார். சங்கத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டார். பதினான்கு பேரும் அவருடைய பேச்சைக் கேட்டவர்கள். ஒருவரிடமும் அந்த லைசென்ஸ் இல்லை.

கடைசி போனையும் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான், மனைவி எப்போதோ இறங்கிப்போய், கைப்பையிலிருந்து எடுத்த, பஸ் ஓட்டும் கனரக லைசென்ஸ் அட்டையை அதிகாரியிடம் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வருடமாக இது அண்ணனுக்குத் தோன்றவே இல்லை.

“சாவியக் குடுங்க,” என்றார் மனைவி. “பின்னாடி போய் உக்காருங்க. பெல்ட் போடுங்க.”

பின்சீட்டுக்காரர்களுக்கு பெல்ட் எதற்கு என்று அண்ணன் ஆரம்பித்தார். நாற்பது குழந்தைகளை அடக்கும் அந்தக் கண்கள் கண்ணாடி வழியாக ஒரு தடவை அவரைப் பார்த்தன. அண்ணன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பதிவு மேசையை மூட ஏழு நிமிடம் இருக்கையில் மகள் கையெழுத்துப் போட்டாள்.

சிரித்தீர்களா? நல்லது. படிக்கும்போது உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வந்தது? மச்சானா, மேலதிகாரியா, எதிர்வீட்டுக்காரரா? உங்கள் முகம் மட்டும் வரவே இல்லை, அப்படித்தானே? இந்த இனத்தில் யாருக்கும் வந்ததில்லை. அது கிடக்கட்டும். இதைப் படிக்க உட்காரும் முன் வண்டியை எங்கே நிறுத்திவிட்டு வந்தீர்கள்?