சீர் சைக்கிளும் வண்டி மாடும்

எதைக் கட்டச் சொன்னாலும் தேவைக்கு மேல் கட்டிவைக்கிற வியாதி எனக்கு உண்டு. வாயைத் தவிர எல்லாவற்றையும் கட்டுவான் என்று அக்கா சொல்வாள்.

அவள் கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போகிறோம். எங்கள் பக்கம் டிராக்டர் புதிதாக வந்திருந்த காலம். டிரெய்லரில் சொந்தபந்தம் முழுக்க ஏறியாயிற்று. மாப்பிள்ளைக்கான புது சைக்கிளுக்கு உள்ளே இடமில்லை. பின்பலகைக்கு வெளியே அதைக் கட்டித் தொங்கவிடும் பொறுப்பு எனக்கு. மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: "சைக்கிள்ல ஒரு கீறல் கெடந்தாலும் தாலி கட்ட விடமாட்டேன்." சொன்னதைச் செய்கிறவர் என்று பெயர் வேறு.

கயிறு பெயின்டை உரசிவிடுமே என்று என் மூளை வேலை செய்தது. பச்சைச் சோளத்தட்டையைச் சைக்கிள் முழுக்கச் சுற்றி, கயிற்றுக்குப் பதில் வைக்கோலை முறுக்கிய பிரியாலேயே இறுக்கினேன்.

"ஏலே தம்பி, சைக்கிள கொண்டுபோறியா, தீவனமா?" என்றார் டிரைவர் அண்ணாச்சி. (பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.)

கோவில்பட்டி ரயில்வே கேட் அடைத்திருந்தது. டிரைவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் எப்படி மிடுக்காக இறங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பருத்தி வண்டி ஒன்று ஒட்டி நின்றதோ, அதன் மாடுகள் பசியோடிருந்தனவோ எனக்குத் தெரியாது.

கேட் திறந்து கொஞ்சதூரம் போனதும் சித்தி கூப்பிட்டாள். "ஏலே, நம்ம சைக்கிள் பின்னால தனியா வருதே."

வலத்து மாடு பிரியைத் தின்று அவிழ்த்துவிட்டு, சைக்கிளைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, தட்டையை மென்றபடி நடந்து வந்தது. குதித்து ஓடி வண்டிக்காரரிடம் சத்தம் போட்டேன்.

"நான் வண்டியத்தான் ஓட்டுதேன் தம்பி. சைக்கிள ஓட்டுதது மாடு" என்றார் சாவகாசமாக.

கழற்றிப் பார்த்தால், நக நீளத்துக்கு ஒரு கீறல்.

விளாத்திகுளத்தில் நாங்கள் இறங்குமுன்பே மாப்பிள்ளையின் அம்மா சைக்கிளைத் தடவிக்கொண்டே வந்தார். விரல் சரியாக அங்கே நின்றது.

"இது என்ன?"

"கொம்பு பட்டுட்டு அத்தை."

"யாரு கொம்பு?"

நடந்ததையெல்லாம் உளறிக்கொட்டினேன். எங்கள் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அப்போது மாப்பிள்ளை வெடித்துச் சிரித்தார். நிறுத்தவே முடியவில்லை அவருக்கு. "மாடே ஓட்டிப் பாத்துச் சரின்னு சொல்லிட்டும்மா. விடுங்க."

அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எறங்குங்க" என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அக்காவுக்குப் பேரன் பேத்தி வந்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவைப் பிடித்திருந்ததா என்று அதுகள் கேட்டால், "நான் டிரெய்லர்ல பயந்து, தலைகுனிஞ்சு உக்காந்திருந்தேன். அவிய சிரிச்ச சத்தம் கேட்டுது, பயம் போயிட்டு. எல்லாம் அந்த மாட்டுப் புண்ணியம்" என்பாள். மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய அலைந்த அப்பாவுக்குக்கூட அதில் பங்கு கிடையாது.