விசா வாங்கப் போன தாடி

நான் ஒரு முட்டாள். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டில் யாராவது சொல்ல ஆரம்பித்தால் கூடுதல் விவரங்களோடு சொல்வார்கள். சாதாரண முட்டாள் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதாவது தப்பித்துக்கொள்வான். நான் நன்றாக யோசித்து, ஏற்பாடுகள் செய்து, மாதக்கணக்கில் தாடி வளர்த்து முட்டாளானவன்.

எங்கள் ஒரே மகள் ஹேமா அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் ஆந்திராவில் இருக்கும் எங்கள் புத்தூருக்கு வர முடியாது. அம்மாதான் அங்கே போக வேண்டும். என் மனைவி கோமதி பத்தியப் பொடி இடித்து, குழந்தைக்குத் துணி வேண்டுமென்று பழைய வேட்டியைக் கிழித்து மடித்து (பழசு என்று அவள் சொன்னாள், எனக்கு அது நல்ல வேட்டி) பெட்டி கட்டிவிட்டாள். துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. விசா மட்டும்தான் பாக்கி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கே ஆரம்பித்தது வினை.

ஹேமா போனில் தெளிவாகத்தான் சொன்னாள். "நைனா, அவங்களுக்கு ஒரே சந்தேகந்தான். வந்தவங்க திரும்பிப் போவாங்களா, இங்கயே ஒக்காந்துக்குவாங்களான்னு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கத சொல்லாத."

என் உரக்கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்கள் அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்ட பிறகுதான் மூட்டையைத் தூக்க முடியும். என்னிடம் போய்க் கதை சொல்லாதே என்கிறாள்.

திரும்பி வருவோம் என்பதற்கு அத்தாட்சி தேடினேன். நிலத்தின் பட்டா பாஸ்புக், மாந்தோப்பு போட்டோ, கடை லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். மனசு ஒப்பவில்லை. நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அப்போதுதான் அத்தாட்சி என் முகத்திலேயே முளைத்துக்கொண்டிருப்பது உறைத்தது.

எங்கள் பக்கத்தில் போர்வெல்லில் தண்ணீர் வரவும், பையனுக்கு காலேஜில் சீட் கிடைக்கவும் திருமலைக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டிக்கொண்டால் மலையேறும் வரை கத்தி படக்கூடாது. ஹேமா முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் எத்தனை கோயில் இருந்தால் என்ன, அந்த முடியை மலையில்தான் இறக்க வேண்டும். திரும்பி வருவதற்கு இதைவிட என்ன உத்தரவாதம்?

திருப்பதியில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் என்னை நேரில் பார்த்ததும் பதறிப்போனார். விண்ணப்பத்தில் இருந்த போட்டோவில் நான் மழமழவென்று மாப்பிள்ளை போல இருந்தேன். "சார், போட்டோல வேற ஆளு, நேர்ல வேற ஆளு. ஷேவ் சேசுகோண்டி சார்" என்று தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சினார்.

கோமதியும் சொன்னாள். "இப்பவே மலைக்குப் போயி எறக்கிட்டு வந்துடுய்யா. சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

"உனுக்குத் தெரியாதுமே. இதான் சாட்சியே. அங்க நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்."

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளவயது வெள்ளைக்கார அதிகாரி. நம்மைவிடச் சுத்தமான தமிழ். "வணக்கம். எதற்காகப் போகிறீர்கள்?"

கோமதி வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "பொண்ணுக்குப் பிரசவம் சார்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புகைப்படத்தில் தாடி இல்லையே?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் அரிப்பைத் தாங்கினேன்? "வேண்டுதல் சார். திருப்பதி சாமிக்கு."

"நல்லது. என்ன வேண்டிக்கொண்டீர்கள்?"

சாமி விஷயத்தில் பொய் சொல்லலாமா? "பிரசவம் நல்லபடியா ஆயி, பொண்ணுக்கு க்ரீன் கார்டு வந்து, பேரப்புள்ளயோட எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு சார்."

கோமதி என் முழங்கையில் கிள்ளினாள். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"எங்கே?" என்றார்.

"அது வந்து சார்... ஆனா முடி மட்டும் இங்க வந்துதான் எறக்கணும். வேற எங்கயும் செல்லாது."

"எப்போது இறக்க வேண்டும்?"

பொங்கலுக்கு என்று சொல்லியிருக்கலாம். அடுத்த மாசம் என்றுகூட சொல்லியிருக்கலாம். அவசரப்படுத்தி அவரை இக்கட்டில் விடக்கூடாதே என்று நினைத்து நான் சொன்னது: "அதுக்கு அவசரமே இல்ல சார். எங்க சித்தப்பா வேண்டிக்கினு பத்து வருசம் கழிச்சுதான் எறக்கினாரு. எங்க சாமி வட்டியோட வாங்கிக்கும்."

ஃபைலை அவர் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட்டுகளோடு ஒரு தாளையும் வைத்துத் திருப்பித் தந்தார். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை வரவில்லை என்பதுதான் அதன் சாரம். கோமதியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டித் தேற்றிவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்ல அவள் அடுப்படியில் நின்று பழகிவைத்திருந்தது அப்படியே அவள் வாய்க்குள் இருந்தது.

ரயிலில் அரக்கோணம் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தமாஷ் சொல்லிப் பார்த்தேன். எதிர் சீட்டுக்காரர் சிரித்தார்.

பேரன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்ட ஹேமாவுக்குப் பயம். கோமதி இங்கே கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் ஒரு தலையணையைக் கிடத்தி, போனுக்கு எதிரே குளிப்பாட்டிக் காட்டினாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"கழுத்த எப்டிம்மா புடிக்கிற? கிட்ட காட்டு" என்றாள் ஹேமா அங்கிருந்து.

கோமதி இல்லாத தண்ணீரை மொண்டு ஊற்றி, துவட்டி, தலையணையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள். போனை அணைத்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். அணைத்த போனை நானும் அவள் எதிரே பிடித்துக்கொண்டே நின்றேன்.

மலைக்குப் போய் முடியை இறக்கிவிட்டேன். அது ஒன்றுதான் தலையை விட்டு இறங்கியது. போன் செய்யும்போதெல்லாம் மருமகன், "மாமா, 'எங்கே?'ன்னு கேட்டாரே, பதில் கெடச்சுதா?" என்பார். ஹேமா பின்னாலிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். கோமதி மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் அவள் தனியாக விண்ணப்பம் போட்டாள். என்னைச் சேர்ப்பதில்லை என்று அவளும் ஹேமாவும் ஏஜென்டும் கூடி முடிவெடுத்து, எனக்குத் தகவல் சொன்னார்கள். பேரன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான். தலை நிற்காத பிள்ளையை ஏந்த வேண்டியவள், ஓடுகிற பிள்ளையைத் துரத்தப் போகிறாள்.

சென்னையில் அவள் பையையும் போனையும் வைத்துக்கொண்டு நான் வெளியே ரோட்டோரத்தில் நின்றேன். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் இல்லை என்று அர்த்தம். அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டால் விசா. வெறுங்கையோடு வெளியே வந்தாள். ஒரு கேள்வியோ இரண்டு கேள்வியோதான் கேட்டார்களாம். என் ஃபைலில் இருந்த எதையும் அவள் எடுத்துப் போகவில்லை. எனக்கு ஆறவில்லை.

"திரும்பி வருவன்னு எப்டிமே நம்பினாங்க? இன்னா சொன்ன?"

என் கையிலிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"நீ வரலன்னேன்."