மூடிக்குப் பளபளப்பு ஏற்றிய மாமனார்

சிம்மக்கல்,
18.8.1982

மரியாதைக்குரிய மாப்பிள்ளை முத்திருளன் அவர்களுக்கு, மாமனார் மொக்கைச்சாமி தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். சுகம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அன்று உங்களுக்குச் சோறு கொண்டு காலேஜுக்கு வந்தபோது நீங்கள் இல்லை. மேஜைமேல் உங்கள் மிஷினின் அலுமினிய மூடி சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது. மறுநாள் பம்பாய் புரொபசர் பார்க்க வருகிறார், பாத்திரக்கடைக்காரன் மருமகன் மூடி இப்படியா என்று நாலு பேர் கேட்பார்களே என்று, அதைக் கக்கத்தில் இடுக்கிக் கடைக்குக் கொண்டுவந்து, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு, விற்கிற பாத்திரத்துக்குச் செய்வதுபோலவே தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். உங்கள் கூட்டாளி கிறிஸ்துராஜ், நீங்கள் செய்ததென்று நினைத்து அதை மாட்டிவிட்டார். அந்த மங்கல்தான் சுத்தம் என்று எனக்கெப்படித் தெரியும்? உள்ளே காற்றே இருக்கக்கூடாதாம், விரல் பட்ட பிசுக்குகூட ஆவியாகிக் கெடுக்குமாம். காற்றை உறிஞ்சும் பம்பு நாளெல்லாம் ஓடியும் அளவு காட்டும் முள் இறங்கவில்லை. பம்பாய்க்காரர் முன்னால் உங்களை அவமானப்படுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து நீங்கள் காலேஜிலேயே படுக்கிறீர்கள். செல்லத்தாய் பெட்டியோடு இங்கே வந்துட்டா. “யாரைக் கேட்டுப்பா அதைத் தொட்டீங்க? அவரு இனி இந்த வாசப்படி மிதிப்பாரா?”ன்னு கேட்டவதான், அப்புறம் என்கூடப் பேச்சே இல்ல. கடையில எந்தச் சட்டியப் பார்த்தாலும் என் மூஞ்சிதான் தெரியுது, பார்க்கப் பிடிக்கல. கிறிஸ்துராஜ் தம்பி பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, மூடிய மறுபடி காஸ்டிக் சோடாவுல முக்கி, ஆசிட்டுல முக்கி, பேட்டரிக்கு ஊத்துற தண்ணியில அலசி, கையுறையோட எடுத்துக் காயவச்சேன். பழையபடி மங்கிப்போச்சு. இம்புட்டு அசிங்கமான சாமானைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதே இல்ல. அலுமினியத் தாளில் சுற்றி, செல்லத்தாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டால் போதும்.

உங்கள் மிஷினில் காற்றும் குடும்பத்தில் குறையும் இல்லாதிருக்க மீனாட்சியை வேண்டும்,
மொக்கைச்சாமி

பி.கு.: பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. இத்தனை பேர் கண் பட்டுத்தான் மிஷின் ஓடவில்லை என்று உங்கள் அத்தை பொட்டலத்தைப் பிரித்து, விளக்கெண்ணெயில் மை குழைத்து மூடிக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறாள். “வெளிய வச்சா அசிங்கமாத் தெரியும்னு உள்பக்கமா வச்சேன்” என்கிறாள். செல்லத்தாயை மட்டும் அனுப்புகிறேன். மூடி எங்கே என்று அவளிடம் கேட்க வேண்டாம்.