நில்லு நைனாவும் கத்துகிற வாசலும்

எமதர்மனே எருமையோடு வந்திருந்தாலும் நில்லு நைனா அவரைக் கேட்டில் நிறுத்தி, கயிற்றை வெளியே வைக்கச் சொல்லி, எருமையை நிழலில் கட்டச் சொல்லி, வந்த விஷயம் என்ன என்று விசாரித்திருப்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நாளைக்கு வரச் சொல்லியிருப்பார். இதில் நான் கடுகளவும் மிகைப்படுத்தவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. காசிமேட்டுக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார், அவர் வாட்ச்மேன். அதற்கு முன் ஹார்பர் கேட்டில் லாரிகளைச் சோதனை போட்டவர். காண்டிராக்ட் கைமாறி அந்த வேலை போனதும் எங்களிடம் தற்காலிகமாக வந்து சேர்ந்தார். லாரிகள் போய்ப் பிள்ளைகள் வந்ததை அவர் பெரிய மாற்றமாகவே நினைக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் "நில்லு" என்பார். அதுவே பேராகிவிட்டது. ஒருமுறை தெருநாயைப் பார்த்துச் சொன்னார், அதுவும் உட்கார்ந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் நிறுத்தினார்.

"நில்லு சார். பையில இன்னா கீது?"

"டிபன் பாக்ஸ்."

"தொற."

திறந்தேன். குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். முகத்தில் இரக்கம் படர்ந்தது.

"சாம்பாரு. போ சார், ஒண்ணும் ஆபத்து இல்ல."

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸை அவர் ஆயுதம் என்று முடிவு கட்டியிருந்தார். "முள்ளு கீது சார். படிக்கிற எடத்துல முள்ளு எதுக்கு?" என்று பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் தருவார். அந்த வருடம் என் வகுப்பு முழுக்க அம்மாக்களின் வளையலை வைத்துத்தான் வட்டம் போட்டது. எல்லா வட்டமும் ஒரே சைஸ்.

இத்தனை கெடுபிடியும் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கச் சுவர் ஒரு மழையில் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது. ஆடுகள், லேட்டாக வரும் பிள்ளைகள், கொருக்குப்பேட்டைக்குக் குறுக்கு வழி தேடும் மீன்காரம்மாக்கள், எல்லாரும் அந்த வழியாகப் போய் வருவார்கள். நைனா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கேட்டால், "சொவுரு என் டூட்டி இல்ல. கேட்டுதான் என் டூட்டி" என்பார்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வருஷா வருஷம் சுவர் கேட்டார். வருஷா வருஷம் நிதி இல்லை என்று பதில் வந்தது. அந்த வருடம் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு மிரட்டல் போன் வந்ததாகப் பேச்சு கிளம்பியது. உடனே பள்ளிகளின் பாதுகாப்புச் சாதனங்களுக்கு என்று அரசுப் பணம் வந்தது. சுவர் சாதனம் இல்லையாம். மினி லாரியில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாசல் வந்து இறங்கியது.

பூசணிக்காய் உடைத்துத் திறந்து வைத்தவர் ஒரு உள்ளூர்ப் பிரமுகர். முதல் ஆளாக நுழைந்தார். வாசல் 'கீய்ங்' என்று அலறியது.

"நில்லுங்க" என்றார் நைனா. மரியாதையில் குறை வைக்கவில்லை.

மோதிரங்கள் கழன்றன. கீய்ங். செயின் கழன்றது. கீய்ங். கடைசியில் வேட்டி மேலிருந்த பெல்ட்டும் போக, பிரமுகர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்தார். "இப்படித்தான் இருக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாராட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அன்று மதியம் சாப்பிடவில்லை.

உண்மையான கூத்து மறுநாள் ஆரம்பித்தது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இடுப்புக் கயிற்றிலோ கழுத்திலோ செம்புத் தாயத்து இல்லாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசல் அலறியது. பிரேயர் முடிய வேண்டிய நேரத்தில் பாதிப் பள்ளிக்கூடம் ரோட்டில் நின்றது. தாயத்தைக் கழற்றி வைக்கலாமே என்று நைனா வாயெடுத்ததுதான் தாமதம், கூடையோடு ஒரு அம்மா முன்னால் வந்தாள்.

"இன்னா நைனா, அவங்கப்பன் கடல்ல கீறாரு, நீ கயித்த அவுக்கச் சொல்ற?"

நைனா வாழ்க்கையில் முதல்முறையாக நின்றார்.

அவருக்கு விட்டுக்கொடுக்க வழியில்லை. அந்த மெஷினை இயக்க ஒரு நிரந்தர வேலை உண்டு. சோதனைக்கு வரும் அதிகாரி மெஷின் நன்றாகப் பயன்படுகிறது என்று சொன்னால் அது நைனாவுக்கு. இல்லாவிட்டால் மெஷின் வேறு இடத்துக்குப் போகும், நைனா வீட்டுக்குப் போவார்.

"இந்த வயசுல எனக்கு இன்னொரு கேட்டு யாரு சார் குடுப்பா?" என்றார் என்னிடம். எனக்குச் சங்கடமாக இருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்தாராம். காலையில் விதியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். நம்ம ஏரியாப் பிள்ளை என்றால் தாயத்து இருக்கும். தாயத்து இருந்தால் மெஷின் கத்தும். ஆகவே கத்தினால் உள்ளே போகலாம். கத்தாமல் வருகிறவன்தான் வெளியாள், அவனை நிறுத்த வேண்டும். பிள்ளைகள் கீய்ங் கீய்ங் என்று குஷியாக ஓடிவந்தார்கள். பிரேயர் நேரத்துக்கு நடந்தது. தாயத்து இல்லாத நான் தினமும் ஸ்கூட்டர் சாவியை ஆட்டி மெஷினைக் கத்தவைத்துவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரி வந்தார். முறை தெரிந்த மனிதர். வாட்ச், பெல்ட், சில்லறை எல்லாவற்றையும் ஜீப்பிலேயே வைத்துவிட்டு, கைகளை லேசாக விரித்தபடி நுழைந்தார். வாசல் மூச்சுவிடவில்லை.

"நில்லு" என்றார் நைனா.

"ஏம்ப்பா, சத்தமே வரலையே?"

"அதான் சார் பேஜாரு. நீ கத்தல."

ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இன்னும் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறார் என்று நைனா எடுத்துக்கொண்டார்.

"கத்தறவங்கதான் உள்ள போலாம். நீ யாரு வூட்டுப் புள்ள, சொல்லு."

அதிகாரி திகைத்து நின்ற அந்த நேரத்தில், மைதானத்தின் குறுக்கே ஒரு மீன்காரம்மா கூடையோடு நிதானமாக நடந்து போனாள். பின்னால் இரண்டு ஆடுகள்.

"அந்தம்மா எப்படி உள்ள வந்தாங்க?"

"அது சொவுரு வழி சார். சொவுரு என் டூட்டி இல்ல."

"சுவர் எங்கப்பா?"

"அதைத்தான் சார் வருஷா வருஷம் கேக்கறோம்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

அதிகாரி கேட் பக்கத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர்தான். கொஞ்ச நாளில் சுவருக்கு அனுமதி வந்தது, மெஷினைக் கழற்றிக்கொண்டு போக லாரியும் வந்தது. மெஷினோடு நைனாவின் வேலையும் போயிற்று. மாசக் கடைசி வரை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில், தரையில் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் நைனா நின்றார். யாரையும் நில்லு என்று சொல்லவில்லை. முதலில் வந்த ஆறாம் வகுப்புப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். வாசல் இருந்த இடத்தில் தானாக நின்று, வாயாலேயே "கீய்ங்" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். அடுத்த பையனும் கத்தினான். பிறகு மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு உள்ளே போனது. அன்றைக்கும் பிரேயர் லேட்.

பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயத்துக்காகச் சண்டைக்கு வந்த அதே அம்மா ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனாள்.

"இன்னா டீச்சர், நைனாவ அனுப்பறீங்களாமே? எங்க புள்ளைங்கள யாரு நிறுத்தறது?"

அந்த வாரமே பெற்றோர் சங்கம் அவர் சம்பளத்தை ஏற்றுக்கொண்டது.

பிள்ளைகள் வாயால் கத்திய அந்தக் காலையில் கடைசியாக வந்தவன் நான். நைனா என்னைப் பார்த்தார். நானும் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கீய்ங்" என்றேன்.

"போ சார்" என்றார்.

இப்போதெல்லாம் ஏர்போர்ட், மால் என்று எத்தனையோ வாசல்களில் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் ஒரு நொடி நிற்கிறேன். நான் கத்தவில்லை என்பதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை.