ஒப்பிட ஒரு நல்ல நரம்பு

சிட்டு வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஸ்கேன் அறைக் கட்டிலின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வயது ஏழு. வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் மட்டும் விரல்கள் மரத்துப்போகின்றனவாம். ஸ்கேனில் நரம்பு சரியில்லை என்று வந்தால் அடுத்தது ஊசி டெஸ்ட். ஊசியே கிடையாது என்று சத்தியம் செய்து அவளைக் கூட்டிவந்திருந்தார் அப்பா.

"முதல்ல உங்க கையில வச்சுக் காட்டுங்க," என்றாள் சிட்டு.

நரம்பு டாக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. தன் மணிக்கட்டில் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை எடுத்தார். அது கைநழுவி விழுந்தது.

"ஜெல் வழுக்குது," என்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்து வைத்தார். "பாத்தியா? கறுப்பா, உருண்டையா தெரியுதே, அதான் நரம்பு. நல்ல நரம்புன்னா இப்படி இருக்கணும்."

எதையும் ஒப்பிடாமல் முடிவு சொல்வது அவருக்குப் பிடிக்காது. அந்தப் படத்தைத் திரையின் ஒரு பாதியில் நிறுத்திவைத்தார். அது பட்டாணி அளவு இருந்தது. மறுபாதியில் வந்த சிட்டுவின் நரம்பு மிளகு அளவுதான்.

"குழந்தைக்குச் சின்னதாத்தான் இருக்கும். அதுக்காக இவ்வளவு சின்னதாவா?"

"ஊசி போடணுமா டாக்டர்?" என்று அப்பா உளறிவிட்டார்.

"அப்பா!"

"இருங்க, பரம்பரையா இருக்கலாம். நீங்க கையைக் குடுங்க."

அப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய மிளகு.

"நினைச்சேன்!" என்றார் டாக்டர்.

"டாக்டர், எனக்கு இப்பவே மரத்துப்போற மாதிரி இருக்கு," என்றார் அப்பா.

கூடவே வந்து சுவரோரம் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவங்க குடும்பமே இப்படித்தான். எங்க பக்கம் சுத்தம். வேணும்னா பாத்துக்கோங்க."

பார்த்தார். அங்கேயும் மிளகுதான்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"லவ் மேரேஜ் டாக்டர்," என்றாள் அம்மா, சுருதி இறங்கி.

"அப்ப உங்க ஏரியா தண்ணியில ஏதோ இருக்கு."

ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் நர்ஸைக் கூப்பிட்டு அவள் கையிலும் வைத்துப் பார்த்தார். அதே மிளகு. நர்ஸ் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

டாக்டருக்குச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வியாதி. இதற்குத் தன் பெயரையே வைத்துவிடலாம். பெரிய டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்தார். அதுவும் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, கையை இரண்டு உதறு உதறிக்கொண்டார்.

"யாரும் வெளிய போகாதீங்க. நாலு பேருக்கும் இன்னைக்கே ஊசி டெஸ்ட் எடுத்துடலாம்."

சிட்டு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நம்ம நாலு பேருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கு? பாவம்பா, டாக்டருக்குத்தான் நரம்பு வீங்கியிருக்கு."