ராயகிரியில் நிற்காமல் போக அனுமதி கேட்டு

ராயகிரி மச்சான் விஜயராஜ் அவர்களுக்கு, சங்கரன்கோவில் பெயின்ட் கடை ஞானதுரை தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே சுகம். உங்கள் வீட்டு சுகிர்தா அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பமே படிக்கும். அடுத்த வியாழக்கிழமை எங்கள் கல்யாண நாள். என்ன வேண்டும் என்று பாலம்மாளிடம் கேட்டேன். சேலை கேட்பாள் என்று நினைத்தேன். "கார் வாங்கினதுலேருந்து கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடுன்னே போயிட்டிருக்கோம். ஒருநாளாவது யார் வீட்டுக்கும் போகாம, கிராமத்து ரோட்டுல மெதுவா, மலையையும் வயலையும் பாத்துக்கிட்டு, நீங்களும் நானும் மட்டும் போயிட்டு வரணும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது மச்சான். எனக்கும் என்னமோ போல ஆகி, வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகுதான் வழி பார்க்க உட்கார்ந்தேன். மேலநீலிதநல்லூர் பக்கம் போகலாம் என்றால் அங்கே என் சித்தி மெயின் ரோட்டைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், போன வருஷம் ஒரு சாவுக்கு அவசரமாகப் போகையில் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனதற்கு "ஞானதுரைக்கு நம்ம வீட்டுத் தண்ணி இறங்காதாக்கும்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடையநல்லூர் வழி என்றால் நம்ம சிநேகிதர் முகம்மது மைதீன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பிரியாணி போடாமல் விடமாட்டார், சாப்பிட்டால் அங்கேயே தூங்கிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், வழி நெடுக ஒரேயொரு சொந்தக்காரர் இருக்கிற ரோடு ராயகிரி ரோடுதான், மலையும் நல்லாத் தெரியும், அந்தச் சொந்தக்காரர் நீங்கள்.

ஆகவே மச்சான், கோபப்படாமக் கேளுங்க. அன்னைக்குக் காலையில என் வெள்ளைக் கார் வந்தா வீட்டுக்குள்ளயே இருங்க. அக்காவையும் கதவைச் சாத்திக்கிடச் சொல்லுங்க. நீங்க கை காட்டுனா அவ இறங்கிருவா, இறங்கினா சாயந்தரம் வரைக்கும் அடுப்படியில அக்காவோட பேசிக்கிட்டு மீன் கழுவிக்கிட்டு இருப்பா, நான் கொடுத்த வாக்கு போச்சு. இந்த ஒருநாள் எங்களைத் தெரியாதவர் மாதிரி இருந்துட்டா ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான் ஞானதுரை

பி.கு.: அண்ணே, பாலம்மாள் எழுதுதேன். துவைக்க எடுத்த சட்டைப் பையில இது இருந்துச்சு, படிச்சிட்டேன். அவுக சொல்லுதது சரிதான், நாங்க நிக்காமத்தான் போவோம். ஆனா நீ வாசல்ல நின்னு "ஏட்டி, சாப்பிட்டுட்டுப் போ"ன்னு மறிக்காம இருந்தியோ, இனி உன் வீட்டு நடை ஏறமாட்டேன். மதினிட்டயும் சொல்லிரு, மீன் குழம்புக்குப் புளி கொஞ்சமாப் போடணும், அவுகளுக்கு நெஞ்சு கரிக்கும்.