நான் காலமானது தொடர்பாக

விசுவமடு,
17.08.1964

பெருமதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்கட்கு,

தாங்களும் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்க எங்கள் குளக்கட்டுப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நானும் சுகம். பிரச்சினையே அதுதான். சென்ற வியாழக்கிழமைப் பத்திரிகையில், விசுவமடுக் கமக்காரர் ஐயாத்துரை வவுனியாவுக்குப் போன இடத்தில் திடீரெனக் காலமானார் என்று அறிவித்திருந்தீர்கள். அந்த ஐயாத்துரை நான்தான். உடனே திருத்தம் போடவும்.

நடந்ததைக் கேளுங்கள். வயலுக்கு நீர் இறைக்கும் மெசினுக்குச் சாமான் வாங்கப்போய், வவுனியாவில் ஐந்து நாள் நின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை ஊரில் வந்து இறங்கினால் என் வளவில் பந்தல். என் பிரேதத்தை எடுக்கப்போன மைத்துனர் இன்னும் வந்து சேரவில்லை, தேடுகிறாராம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தேன். இருபத்தாறு வருடமாக என்னை "இஞ்சாருங்கோ" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி அழையாத மனைவி பத்மாசனி, "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போயிட்டியளே" என்று தலையிலடித்து அழுகிறாள். கிணற்றுப் பங்குச் சண்டையில் ஆறு வருடம் முகம் பாராத தம்பி கதிர்காமநாதன், "அண்ணை எனக்குத் தகப்பனெல்லோ" என்கிறான். கொழும்பில் கிளாக்கராயிருக்கும் மகன் யோகநாதன் மாதமொருமுறை இரண்டு வரி எழுதுபவன், அதிலும் ஒரு வரி எருமை மாட்டின் சுகம் விசாரித்து. அவன், "ஐயா எண்டால் எனக்கு உயிர், ஒருநாளும் சொல்லேல்லையே" எண்டு பந்தல்காலைக் கட்டிப்பிடிச்சு அழுகிறான். பத்திராதிபர் ஐயா, பொய் சொல்லமாட்டன், முக்கால் மணித்தியாலம் நிண்டு கேட்டனான். செத்தது நல்லதெண்டு நினைச்சன்.

பிறகு தும்மல் வந்திட்டுது.

அவ்வளவுதான். தம்பி துவாயை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு, பழையபடி என்ரை முகம் பாராமல் படலையைத் தாண்டிப் போனான். "செத்தவீடெண்டு லீவு எடுத்தனான், ஒப்பீசிலை இனி என்னத்தைச் சொல்லுறது?" எண்டு மகன் எரிஞ்சு விழுந்தான். மனிசி கண்ணைத் துடைச்சுப்போட்டு, "இஞ்சாருங்கோ, சாப்பிட்டியளோ?" எண்டா. "ராசா எண்டனீரெல்லோ, இன்னொருக்கால் சொல்லும்" எண்டன். "சீ, ஆக்கள் நிக்கினம்" எண்டு குசினிக்குள்ளை போயிட்டா.

எங்கடை சனம் இப்பிடித்தான் ஐயா. ஏசுறதெண்டால் சந்தியிலை நிண்டு ஏசுவினம். அன்பாய் ஒரு சொல் சொல்ல மட்டும் பாடை கட்டவேணும். உங்கடை பேப்பரையே பாருங்கோவன். அன்பும் பாசமும் மரண அறிவித்தல் பக்கத்திலைதான் கிடக்கு. உயிரோடை இருக்கிறவனுக்குப் பசளை விளம்பரம்.

ஆகவே, 'ஐயாத்துரை உயிருடன் இருக்கிறார்' என்று கொட்டை எழுத்தில் போடவும். இந்த அறிவித்தலை அனுப்பிய அயோக்கியனைக் கண்டுபிடித்துத் தண்டிக்கவும். தங்கள் வீட்டார் தங்களுக்குக் காது கேட்கும் காலத்திலேயே தங்களைப் புகழ்வார்களாக.

இப்படிக்கு,
காலமாகாத
வே. ஐயாத்துரை

பி.கு.: திருத்தம் வேண்டாம். கையெழுத்தை ஒத்துப்பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும். வவுனியாவுக்குப் போகிற வழியில், மாங்குளம் ஸ்ரேசனில் குந்தியிருந்து அந்த அறிவித்தலை எழுதித் தபாலில் போட்டவன் நான்தான். ஆனால் நான் எழுதினது 'எல்லோருடைய நேசத்துக்கும் உரிய ஐயாத்துரை' எண்டு. நீங்கள் அதை வெட்டிப்போட்டு 'கமக்காரர்' எண்டு போட்டிட்டியள். அடுத்தமுறை வெட்டாதேங்கோ. அப்ப எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு கேக்கேலாது.